கிளாட் கோச்சிங்: ஜெயநகர் வகுப்பா, வீட்டிலேயே ஆன்லைனா?

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் முதலாம் பி.யூ.சி., அதாவது பதினொன்றாம் வகுப்பு, முடிக்கப் போகிறாள், சட்டம்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வுக்கு, ஜெயநகரில் ஒரு கோச்சிங் சென்டர் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்கிறது. ஆன்லைனில் ஒரு கம்பெனி முப்பத்தெட்டாயிரத்துக்கு எல்லாமே தருகிறேன் என்று தினம் மூன்று தடவை போன் அடிக்கிறது. எதில் சேர்ப்பது, எதிலும் சேர்க்காவிட்டால் என்ன ஆகும், எல்சாட் என்று வேறொன்று இருக்கிறதாமே அது தேவையா? இவ்வளவுதான் கேள்வி.

பதிலுக்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. சட்டப் படிப்பு முடித்த கையோடு நான்கு வருடம் இதே தொழிலில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு சென்டரில் போர்டு முன்னால் நின்று, அடுத்த இரண்டு வருடம் ஒரு ஆன்லைன் கம்பெனிக்காக அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் மைக்கை அணைத்துக்கொண்டு. இப்போது சிட்டி சிவில் கோர்ட்டில் பிராக்டிஸ். இரண்டு கடையின் சமையல்கட்டையும் பார்த்தவள், இன்றைக்கு எதையும் விற்க வேண்டிய நிலையில் இல்லாதவள். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

எல்சாட்டை முதலில் முடித்துவிடலாம். அது அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான தேர்வு, அங்கே ஒரு டிகிரி முடித்த பிறகுதான் சட்டம் படிக்கப் போவார்கள். இந்தியாவுக்கென்று எல்சாட் இந்தியா என்ற பெயரில் 2009 முதல் ஒன்று நடந்துகொண்டிருந்தது, சில தனியார் கல்லூரிகள் அதை ஏற்றுக்கொண்டன, 2024-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே பி.யூ.சி. முடித்து ஐந்து வருடப் படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு எல்சாட் கோர்ஸ் விற்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய எல்சாட் புத்தகம் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் மட்டும் வாங்கிப் போடுங்கள். அதில் இருக்கும் வாதப் பத்திகள் கிளாட்டின் லாஜிக்கல் பகுதிக்கு நல்ல தீனி.

இப்போது கிளாட். 120 கேள்வி, 120 நிமிடம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். ஐந்து பகுதிகள்: ஆங்கிலம், நடப்புச் செய்தியும் பொது அறிவும், லீகல் ரீசனிங், லாஜிக்கல் ரீசனிங், கொஞ்சம் கணக்கு. கணக்கு வெறும் 10 முதல் 14 கேள்விதான், அதுவும் பத்தாம் வகுப்புத் தரம். செய்திக்கும் லீகலுக்கும் 28 முதல் 32 வரை, ஆங்கிலமும் லாஜிக்கும் 22 முதல் 26 வரை. ஏறக்குறைய எல்லாமே பத்தியைக் கொடுத்துவிட்டு அதன் கீழே கேட்கும் கேள்விகள், பத்தி ஒவ்வொன்றும் 450 சொல் வரை போகலாம். கூட்டிப் பாருங்கள், பத்திகள் மட்டுமே பத்தாயிரம் சொல் பக்கம் வந்துவிடும், கேள்வியும் நான்கு நான்கு விடைகளும் தனி. இரண்டு மணி நேரத்தில் ஒரு சின்னப் புத்தகத்தில் பாதியைப் படித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முடிவெடுக்க வேண்டும், அதுதான் இந்தத் தேர்வு.

இது தெரிந்துவிட்டால் கோச்சிங் சென்டர் தரும் அட்டவணையை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். 'முந்நூறு மணி நேர வகுப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எதற்கு முந்நூறு மணி நேரம்? இந்தத் தேர்வில் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லீகல் பகுதிக்கே முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த சென்டரில் கணக்குக்கு மட்டும் மூன்று மாதம் ஓட்டினோம். ஏன் என்று கேட்டால், கணக்கு வாத்தியார் ஏற்கனவே வேறு ஒரு தேர்வுக்கான பேட்சுக்குச் சம்பளத்தில் இருந்தார், அவரைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

அதனால்தான் 'நேரிலா ஆன்லைனா' என்று ஆரம்பிக்கும்போதே கேள்வி கொஞ்சம் தடம் மாறிவிடுகிறது என்பேன். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: உங்கள் மகள் மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எழுதி முடித்ததும், அவள் தப்பு விட்ட இடங்களை அவளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள். அந்த ஆள் ஜெயநகரில் இருந்தால் ஜெயநகர், போனில் இருந்தால் போன். அப்படி ஆளே இல்லையென்றால் இரண்டும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். நானே ஒரு மாக்குக்காக எழுதியது. பத்தியில் கொடுத்த விதி இது: பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது, ஆனால் வயதை மறைத்துப் பொருள் வாங்கியிருந்து அந்தப் பொருள் இன்னும் அவர் கையில் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இப்போது சம்பவம். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பத்தொன்பது என்று பொய் சொல்லி எஸ்.பி. ரோடு கடையில் தவணையில் லேப்டாப் வாங்குகிறான், இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறான், லேப்டாப் அவன் மேஜை மேல்தான் இருக்கிறது. கடைக்காரர் ஒன்று பாக்கிப் பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் லேப்டாப்பைக் கொடு என்கிறார். கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்?

என் பேட்சிலேயே நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி, ஒன்றும் கிடைக்காது என்று போட்டிருந்தாள். வகுப்பில் எப்போதும் பின் பெஞ்சில் தூங்கும் பையன், பணம் கிடைக்காது ஆனால் லேப்டாப் திரும்பக் கிடைக்கும் என்று சரியாகப் போட்டிருந்தான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஏன்மா இதைப் போட்டாய் என்றேன். 'அக்கா, மோஹரி பீபி கேஸ் ஞாபகம் வந்துச்சு' என்றாள். 1903-இல், அன்றைக்கு லண்டனில் நம் நாட்டு மேல்முறையீடுகளை விசாரித்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது, மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது, கொடுத்த கடனையும் திருப்பிக் கேட்க முடியாது என்று முடிந்தது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்! போன வாரம்தான், போர்டில் அம்புக்குறியெல்லாம் போட்டு. அவள் பத்தியின் முதல் பாதியைப் படித்ததும் 'ஓ, இது தெரிந்த கதை' என்று கடைசி வரியைத் தாண்டிவிட்டாள். அந்தப் பையனுக்கு ஒரு வழக்கும் தெரியாது, அதனால் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்திருக்கிறான்.

அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு அவளுடைய லீகல் மதிப்பெண் மளமளவென்று ஏறியது, ஏனென்றால் அவள் செய்துகொண்டிருந்த தப்பு அந்த ஒரே வகைதான், பல கேள்விகளில் பல வேஷத்தில். ஆன்லைன் தளத்தின் ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கும்? லீகல் 30-க்கு 19, ஒரு கேள்விக்கு சராசரி இத்தனை வினாடி, உங்கள் பர்சென்டைல் இவ்வளவு, கீழே ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. ஏன் என்பது அதில் வராது. அதை ஒரு ஆள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் நேரடி வகுப்பே மேல், அங்கே ஆள் இருக்கிறாரே என்று தோன்றும். எங்கள் சென்டர் பேட்சில் ஐம்பத்திரண்டு பேர். மாக் முடிந்ததும் அடுத்த வகுப்பில் நான் கேள்வித்தாளை ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை வரிசையாக விளக்குவேன், அதற்குப் பெயர் 'அனாலிசிஸ்'. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டது என் வேலையில் சேராது, வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் கேட்டதுதான். ஆன்லைனில் இன்னும் மோசம், லைவ் வகுப்பில் நானூறு பேர், சாட் பெட்டியில் 'யெஸ் மேம்', 'யெஸ் மேம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும், யார் புரிந்து போடுகிறார்கள், யார் இட்லி தின்றுகொண்டே போடுகிறார்கள் என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஆன்லைன் கம்பெனியில் கூடுதல் காசுக்கு 'மென்டர்' என்று ஒரு திட்டம் இருந்தது, ஏதோ ஒரு சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைகள், வாரம் அரை மணி நேரம் போனில் பேசுவார்கள். கம்பெனி அதைப் பெரிதாக விளம்பரமே செய்யவில்லை. நான் பார்த்தவரை அங்கே உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'மாக் முடிந்ததும் என் மகளோடு தனியாகப் பேசப் போவது யார், அவர் பெயர் என்ன, வாரத்துக்கு எத்தனை நிமிடம்?' 'எங்களிடம் டவுட் கிளியரிங் செஷன் இருக்கிறது மேடம்' என்று பதில் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தருகிறார்களா என்று பாருங்கள், அதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

மீதிப் பாதியை உங்கள் வீடும் இந்த ஊரும் முடிவு செய்யும். ராமமூர்த்தி நகரிலிருந்து ஜெயநகர் என்றால் டின் ஃபேக்டரி வரை ஆட்டோவோ பஸ்ஸோ, பென்னிகானஹள்ளியில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக், அங்கே பச்சை லைனுக்கு மாறி ஜெயநகர். காலேஜ் முடிந்து கிளம்பினால் மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம், திரும்ப அதே அளவு. வாரம் மூன்று நாள் வகுப்பு என்றால் ஒன்பது மணி நேரம் வழியிலேயே போகிறது, மெஜஸ்டிக் கூட்டத்தில் நின்றுகொண்டு யாரும் 450 சொல் பத்தி படிக்கப் போவதில்லை. இதே சென்டர் உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் ஆன்லைனுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்: கதவு உள்ள ஒரு அறை. மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஒரு ஹால், ஒரு கிச்சன், தாத்தா டி.வி. முன்னால், தம்பி அந்தப் பக்கம் போனில் கேம். அந்தப் பையனுக்கு ஆன்லைன் கோர்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் லாகின் செய்வதையே நிறுத்திவிட்டான், வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கினான். அவனைக் கப்பன் பார்க்கில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டிட நூலகத்துக்குப் போய் உட்காரச் சொன்னேன். பையன் சோம்பேறியே இல்லை, உட்கார இடம்தான் இல்லாமல் இருந்தது. இப்படிப்பட்ட வீட்டுக்கு, பக்கத்தில் ஒரு சென்டர் இருந்தால், சுமாரான சென்டராகவே இருந்தாலும், காசு கொடுத்துச் சேர்ப்பதில் தப்பே இல்லை. அங்கே கிடைப்பது பாடத்தைவிட நாற்காலியும் மேஜையும், கூடவே அதே வேலையைச் செய்யும் பத்துப் பிள்ளைகளும். தனியாக உட்கார்ந்து படிக்கவே வராத பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உங்கள் மகள் எந்த வகை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆன்லைனில் படிக்கும் பிள்ளைகள் கோட்டை விடும் இன்னொரு இடம் பேனா. கிளாட் கொரோனா வருடமான 2020-இல் மட்டும் கம்ப்யூட்டரில் நடந்தது, அது தவிர 2019 முதல் அச்சடித்த வினாத்தாளும், பேனாவால் வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளும்தான். வருடம் முழுக்கத் திரையில் மாக் எழுதிவிட்டு டிசம்பரில் முதன்முதலாகக் கையில் தாளை வாங்கும் பிள்ளைகள், வட்டம் நிரப்புவதற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும் என்று கணக்கு வைத்திருக்க மாட்டார்கள், எழுபதாவது கேள்வியின் விடையை எழுபத்தொன்றில் நிரப்பிவிட்டுக் கண் கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்த கோர்ஸில் சேர்ந்தாலும் மாக்கை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஓ.எம்.ஆர். தாளும் நான்கு ரூபாய்க்கு அங்கேயே கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எழுத வையுங்கள். உண்மைத் தேர்வும் இரண்டு மணிக்குத்தான். ஞாயிறு பிரியாணி தின்றுவிட்டு அந்த நேரத்தில் கண் சொக்கும், அப்போது எழுதிப் பழகினால்தான் உண்டு.

விளம்பரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரிசல்ட் வந்த மறுநாள் ஒரே ரேங்க்காரரின் போட்டோ மூன்று நான்கு கம்பெனி போஸ்டரில் சிரிக்கும். பொய் என்று சொல்ல முடியாது, அந்தப் பிள்ளை ஓரிடத்தில் வகுப்பு, இன்னோரிடத்தில் டெஸ்ட் சீரிஸ், மற்றோரிடத்தில் இலவசமாக ஒரு மாக் என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகள் கொண்டு வந்தது. போட்டோ போட்டால் அவர் எந்த கோர்ஸ் எடுத்தார், காசு கட்டி எடுத்தாரா என்று சொல்ல வேண்டும், நூறு சதவீதம் செலக்‌ஷன் என்றெல்லாம் உறுதி தரக் கூடாது. அதை வைத்தே நீங்கள் கேட்கலாம்: 'இந்தப் பெண் உங்களிடம் எடுத்தது எந்த கோர்ஸ், என் மகளுக்கு நீங்கள் விற்பது அதையேவா?' போனில் பேசுகிறவர் திணறினால் அப்புறம் என்ன.

அந்தப் போன் ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு மாதம் இத்தனை அட்மிஷன் என்று டார்கெட். ஆனால் அவர் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ. மேடம், மாதம் மூவாயிரம்தான்' என்று சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். பல இடங்களில் அது தவணை இல்லை, கடன். உங்கள் பான் கார்டும் ஆதாரும் வாங்கி ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுக்கிறது, பணம் முழுவதும் அன்றைக்கே கோச்சிங் கம்பெனிக்குப் போய்விடுகிறது. மகள் இரண்டாம் மாதமே பிடிக்கவில்லை என்று விலகினாலும் மாதாமாதம் வங்கியில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர் அடிபடும். என் சித்தி மகன் விஷயத்தில் இதேதான் நடந்தது. பாதியில் நல்ல ஆசிரியர் இருவரும் வேறு இடம் போய்விட்டார்கள், பணம் திருப்பிக் கேட்டால் 'பாலிசி இல்லை' என்று ஒற்றை வரி மெயில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்து, நான் ஒரு நோட்டீஸும் அனுப்பி, கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறியில், பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. சேரும்போதே அதைக் காட்டி, ரீஃபண்ட் விதியை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். சொல்லும் கட்டணத்தில் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கியதா, தனியா என்பதையும் கேளுங்கள், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு அது மட்டுமே இருபத்தோராயிரத்து அறுநூறு.

'இரண்டு வருட பேக்கேஜ்' யாருக்குமே வேண்டாம் என்பேன், தங்கைக்கும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்றாலும். இந்தத் தேர்வு ஓரிடத்தில் நிற்காது. 2008-இல் ஆரம்பித்தபோது 200 கேள்வி, பொது அறிவை நெட்டுருப் போட்டவன் ராஜா. 2020-இல் 150 ஆக்கிப் பத்திகளுக்கு மாற்றினார்கள். அதே வருடம் நம்ம ஊர் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமான என்.எல்.எஸ்.ஐ.யூ. நான் தனியாக நடத்துகிறேன் என்று செப்டம்பரில் ஒரு தேர்வை வைத்தது, சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் ஜூனில் ஒரு கிளாட், டிசம்பரில் இன்னொரு கிளாட். 2024-க்கான தேர்விலிருந்து 120 கேள்வி. இரண்டு வருடம் முன்னால் வாங்கிய வீடியோவும் புத்தகக் கட்டும் இப்படித்தான் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

சரி, உங்கள் நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? வீட்டில் அவளுக்குத் தனி அறை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள் என்கிறீர்கள், தேர்வுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. ஜெயநகரை விட்டுவிடுவேன். அந்த முப்பத்தெட்டாயிரம் கோர்ஸையும் உடனே வாங்க மாட்டேன். முதலில், கிளாட்டை நடத்தும் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான கன்சார்ஷியத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, ஒரு தயாரிப்பும் இல்லாமல் எழுதச் சொல்வேன். மார்க் எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை, எத்தனையாவது கேள்வியில் நேரம் முடிந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். எண்பதுக்குள் நின்றுவிட்டால் அவளுக்கு வேண்டியது படிக்கும் வேகம், அதை எந்த வகுப்பும் கொடுக்காது, மூன்று மாதம் தினமும் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கப் பக்கமும் நீளக் கட்டுரைகளும்தான் கொடுக்கும். நூற்றிருபதையும் தொட்டுவிட்டு நிறையத் தப்பு என்றால் விஷயம் வேறு, அப்போதே ஒரு மென்டர் வேண்டும்.

அப்புறம் ஜூன் வாக்கில் ஒரு டெஸ்ட் சீரிஸ் மட்டும் தனியாக வாங்குவேன். பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைத் தனியாக விற்கின்றன, முழு கோர்ஸ் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும், போன் ஆள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சட்டக் கல்லூரி மாணவியையோ மாணவனையோ வாரம் ஒரு மணி நேரத்துக்குப் பிடிப்பேன். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, நாகர்பாவி பக்கம் கல்லெறிந்தால் சட்டம் படிக்கிற பிள்ளை மேல்தான் விழும். தமிழ் பேசுகிற பிள்ளையாகவே கிடைத்தாலும் கிடைக்கும், ஏன் தப்பு விட்டாள் என்பதை வீட்டு மொழியில் பேசும்போது உண்மை சீக்கிரம் வெளியே வருகிறது, இது என் அனுபவம்.

நடப்புச் செய்திக்கு மாதா மாதம் ஒவ்வொரு கம்பெனியும் நூறு பக்க பி.டி.எஃப். தரும். அதை நம்பி பேப்பரை விட்டுவிட வேண்டாம், பேப்பரை ஒழுங்காகப் படிக்கிறவளுக்கு அந்த பி.டி.எஃப். ஒரு ஞாபகப் பட்டியல், படிக்காதவளுக்கு அது டெலிபோன் டைரக்டரி. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் பி.யூ.சி.யைப் பற்றியும் ஒரு பயம் இருக்கும். கிளாட் டிசம்பர் முதல் வாரங்களில், போர்டு தேர்வு பிப்ரவரி கடைசி, மார்ச். நடுவில் இரண்டரை மாதம் முழுசாகக் கிடைக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும், கட்டணம் பொதுப் பிரிவுக்கு நான்காயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் 45 சதவீதம் இருந்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு (என்.எல்.யூ.) மட்டும் அய்லெட் என்று தனித் தேர்வு, அதில் லீகல் என்று தனிப் பகுதி கிடையாது, கிளாட்டுக்குத் தயாரானவள் கூடுதலாக நாலைந்து மாக் எழுதினால் சமாளிக்கலாம், அதற்கென்று இன்னொரு கோர்ஸ் வாங்காதீர்கள். எதுவும் அமையாவிட்டாலும் சட்டம் படிக்க வழி இருக்கிறது. சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு, நுழைவுத் தேர்வே இல்லை, எங்கள் கோர்ட்டில் என் சீனியர் கூட மார்க் வைத்துச் சேர்ந்து படித்தவர்தான்.

முப்பத்தெட்டாயிரமும் கஷ்டம் என்று இருக்கிற வீடுகளும் இதைப் படிப்பீர்கள். ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010-இல் ஐடியா என்று ஒரு அமைப்பை ஆரம்பித்தார், வசதி இல்லாத பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சட்டக் கல்லூரித் தேர்வுக்குத் தயார் செய்கிறது. அவர் 2019-இல் இறந்துவிட்டார், அமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. பத்தாவது, முதலாம் பி.யூ.சி. படிக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பாதிப் பேர் 'நாம் வெளியூர்க்காரர், நமக்கெல்லாம் இந்த ஊர்க் கோட்டா கிடையாது' என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். என்.எல்.எஸ்.ஐ.யூ.வில் 25 சதவீத இடம் கர்நாடக மாணவர்களுக்கு, அங்கே பார்ப்பது தாய்மொழியை இல்லை, கர்நாடகப் பள்ளிகளில் குறைந்தது பத்து வருடம் படித்திருக்கிறாளா என்பதை. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் என்றால் அவளும் அந்தக் கணக்கில் வருவாள். ஆனால் அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஸ்டடி சர்ட்டிபிகேட் வேண்டும், மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று. விண்ணப்பம் போடும் நேரத்தில் போய் நின்றால் கிளார்க் லீவு, ஹெட்மிஸ்ட்ரஸ் மீட்டிங் என்று இழுத்தடிப்பார்கள். இந்த ஏப்ரலிலேயே, பள்ளி ஆபீஸ் மூடுவதற்கு முன்னால், ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துவிடுங்கள், சீலும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து.